ஆடி முடிக்காதவர் எழுதிய தீர்ப்பு

சென்ற இதழில், கையடக்கக் கருவிகளில் ஆடப்படும் டர்ன்-பேஸ்டு, அதாவது முறைவைத்து ஆடும், வியூக ஆட்டங்களுக்கு ஒருவர் இரங்கல் கட்டுரை எழுதியிருந்தார். இரங்கல் என்றுதான் பெயர், கண்ணீர் ஒரு சொட்டு இல்லை. செத்தது நல்லதுதான், இன்னும் கொஞ்சம் முன்னாலேயே செத்திருக்கலாம் என்கிற தொனி. பாடையைக் கட்டி முடித்துவிட்டார். ஆள் உள்ளே எழுந்து உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் பார்க்கவில்லை.

அவர் சொல்வதன் சாரம் இது. ஃபயர் எம்பளம், டாக்டிக்ஸ் ஓகர், ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் வகையறா எல்லாம் பழைய கருவிகளின் இயலாமையில் பிறந்தவை. ஒரே நேரத்தில் இருபது பேரை ஓடவிடும் திராணி அன்றைய சில்லுகளுக்கு இல்லை. அதனால் நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று நகர்த்த வேண்டியதாயிற்று. இன்று அந்தக் குறை தீர்ந்துவிட்டது, ஆகவே இந்த வகையும் தீர வேண்டும். போகிற போக்கில், இதில் மூளைக்கு வேலையே இல்லை, எல்லாம் பகடை என்கிறார். பாத்திரங்கள் சாவதை எண்ணி ரசிகர்கள் உருகுவது வெறும் பாசாங்கு என்கிறார். கடைசியாக, வாளும் டிராகனும் வரும் கதையில் வளர்ந்தவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிக்கிறார்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். அவர் முதலில் வழுக்கி விழுவது அங்கேதான்.

கையடக்க ஆட்டக் கருவிகளின் கதையில் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் பெயரைத் தவிர்க்க முடியாது. 1980இல் அவர் கொண்டுவந்த கேம் அண்ட் வாட்ச் வரிசையின் முதல் ஆட்டம், பந்துகளைத் தூக்கிப் போட்டுக் கீழே விழாமல் பிடிப்பது. கால்குலேட்டர் போன்ற திரையில் கறுப்பு உருவங்கள், அவ்வளவுதான். அதைவிட இயலாத கருவி வேறு கிடையாது. ஆனால் அது முழுக்க விரல் வேகத்தை நம்பிய ஆட்டம். யார் முறைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. 1989இல் கேம்பாய் வந்தது. 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். அதில் உலகமே ஆடியது டெட்ரிஸும் சூப்பர் மாரியோ லேண்டும். இரண்டும் ஒரு நொடி கண்ணை எடுத்தால் முடிந்துபோகும் ஆட்டங்கள். இயலாமைதான் முறைவைத்து ஆடும் பழக்கத்தைப் பெற்றெடுத்தது என்றால், அந்தப் பிள்ளை இந்த வீட்டில்தான் முதலில் பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லையே!

ஃபயர் எம்பளம் பிறந்தது தொலைக்காட்சியோடு இணைக்கும் ஃபேமிகாமில், 1990 ஏப்ரல் 20 அன்று. இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஷோஸோ காகா வடிவமைத்தது. அதே ஃபேமிகாமில் அதற்கு ஐந்தாண்டு முன்பே சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஓடிக் குதித்துக்கொண்டிருந்தது. ஓடவும் குதிக்கவும் முடிகிற கருவியில்தான் காகா நின்று யோசிக்கும் ஆட்டத்தைச் செய்தார். இந்த வரிசை கையடக்கக் கருவிக்கு வந்தது 2002இல், 32-பிட் சில்லு கொண்ட கேம்பாய் அட்வான்ஸில். அதாவது கருவிக்கு வலு வந்த பிறகு. கட்டுரையாளரின் கோட்பாடு தலைகீழாக நிற்கிறது. இரத்தம் தலைக்கு ஏறியதால்தானோ என்னவோ மற்ற வாதங்களும் அப்படியே வந்திருக்கின்றன.

இன்னொரு சாட்சி யசுமி மட்சுனோ. 1993இல் சூப்பர் ஃபேமிகாமில் அவர் இயக்கிய ஓகர் பேட்டில் ஆட்டத்தில் படைகள் வரைபடத்தின் மேல் தாமாகவே நடந்து போகும். நேரம் யாருக்காகவும் நிற்காது, நாம் நிறுத்தினால்தான் உண்டு. இரண்டே ஆண்டுகளில், அதே கருவியில், அதே மட்சுனோ செய்தது டாக்டிக்ஸ் ஓகர். அது கட்டம் கட்டமாக, ஆள் ஆளாக, முறைவைத்து நகரும் ஆட்டம். நேரம் ஓடும் ஆட்டத்தைச் செய்துகாட்டியவர், அதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார். சில்லு மாறவில்லை, அவர் சொல்ல நினைத்த விஷயம் மாறியது.

கணினிப் பக்கமும் இதே கதைதான். 1998இல் வந்த முதல் பல்டூர்ஸ் கேட் நேரம் ஓடும் ஆட்டம், வேண்டுமானால் இடையில் நிறுத்திக்கொள்ளலாம். 2023இல் வந்த மூன்றாவது பல்டூர்ஸ் கேட்டில் சண்டைகள் முழுக்க முழுக்க முறைவைத்து ஆடுபவை. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான கேம் அவார்ட்ஸ் விருது அதற்குத்தான் போனது. 1998இல் கணினிகளுக்கு இருந்த திராணி 2023இல் வற்றிப்போய்விட்டது என்று கட்டுரையாளர் சொல்லத் தயாரா? அவர் தர்க்கப்படி பார்த்தால், 2024இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சதுரங்கப் பட்டம் வென்றதும் பலகையின் சில்லு பழசு என்பதால்தான் போலிருக்கிறது.

சின்னத் திரையில் பெரிய வியூகம் எப்படி என்று ஒரு ஏளனமும் வைத்திருக்கிறார். கேம்பாய் அட்வான்ஸின் திரை 240க்கு 160 புள்ளிகள். ஃபயர் எம்பளத்தில் ஒரு கட்டம் 16க்கு 16. ஆகக் கண்ணில் படுவது 15க்கு 10, மொத்தம் 150 கட்டங்கள். சதுரங்கப் பலகையில் இருப்பது 64. இதற்குமேல் என்ன வேண்டும் அவருக்கு, திருமண மண்டபமா? எதிரி மேல் குறியை வைத்து ஆர் பொத்தானை அழுத்தினால் அவன் ஜாதகமே விரியும்: வலிமை, வேகம், தற்காப்பு, அதிர்ஷ்டம், கையில் என்ன ஆயுதம், அது இன்னும் எத்தனை அடி தாங்கும், எல்லாம். ஒளித்துவைக்க எதுவும் இல்லை. பேருந்தில் ஏறுகிறோம், யாரோ இடிக்கிறார்கள், நடத்துனர் சில்லறை கேட்கிறார்; எதிரிப் படை நகராமல் காத்திருக்கிறது. துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருந்துகிற ஆட்ட வகை எதுவென்று அவர் ஒன்றைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

இப்போது பகடைக்கு வருகிறேன். கட்டுரையில் அதிகம் கைதட்டல் வாங்கியிருக்கக்கூடிய பகுதி இதுதான், அதிகம் அபத்தமானதும் இதுதான்.

கேம்பாய் அட்வான்ஸில் வந்த ஃபயர் எம்பளம் ஆட்டங்களில் சண்டைக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிடலாம். தாக்குபவனின் வலிமையோடு ஆயுதத்தின் பலத்தைக் கூட்டி, எதிரியின் தற்காப்பைக் கழித்தால் சேதம். வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும். வெல்லும் பக்கத்துக்குச் சேதத்தில் 1 கூடும், குறி தவறாமல் படும் வாய்ப்பும் கூடும். வேகத்தில் 4 அல்லது அதற்கு மேல் முந்தியிருப்பவர் இரண்டு முறை அடிப்பார்.

ஒரு வாள்வீரனை எடுத்துக்கொள்வோம். வலிமை 7, வேகம் 9, உடற்கட்டு 8. எதிரே கோடரிக்காரன்: உயிர் 20, தற்காப்பு 3, வேகம் 5. வாள்வீரனிடம் இரண்டு வாள்கள். இரும்பு வாளின் பலம் 5, எடை 5. எஃகு வாளின் பலம் 8, எடை 10. புதிதாக ஆடுபவர் எஃகு வாளைத்தான் எடுப்பார், பலம் அதிகமாயிற்றே. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃகு வாளால் ஒரு அடிக்கு 13. ஆனால் அதன் எடை அவன் உடற்கட்டைவிட 2 அதிகம், அந்த 2 வேகத்திலிருந்து கழியும். வேகம் 7 ஆகிவிட்டதால் இரண்டாவது அடி கிடையாது. எதிரி 7 உயிரோடு நிற்பான், திருப்பி ஓங்குவான். இரும்பு வாளால் ஒரு அடிக்கு 10தான். எடைச் சுமை இல்லாததால் வேகம் 9ஆகவே இருக்கிறது, எதிரியைவிட 4 அதிகம், இரண்டு அடி விழும். 20. கதை முடிந்தது. பலம் குறைந்த வாள் கொல்கிறது, பலம் கூடிய வாள் கொல்லாமல் மாட்டிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க வேண்டியது மூளையா, பகடையா?

அடி குறி தவறும் வாய்ப்பு இருக்கிறதே என்பார். இருக்கிறது. திரையில் 90 என்று காட்டிவிட்டுத் தவறியது, ஆகவே மோசடி என்று அவர் குமுறியிருக்கிறார். மோசடி நடப்பது உண்மைதான், ஆனால் யாருக்குச் சாதகமாக என்று அவர் விசாரிக்கவில்லை. கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்களில், அடி பட்டதா என்று தீர்மானிக்க இந்த வரிசை ஒரு எண்ணை எடுப்பதில்லை. 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கிறது. சராசரி பார்த்தால் எண்கள் நடுப்பக்கம் குவியும். விளைவு: திரையில் 90 என்று காட்டினால் உண்மையான வாய்ப்பு 98.1 சதவீதம். 75 என்றால் 87.75. எதிரி உங்களை அடிக்க 20 என்று காட்டினால் நிஜத்தில் 8.2, 10 என்றால் வெறும் 2.1. விதி இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஆனால் பொதுவாக நம் ஆட்களின் எண் பெரியது, எதிரியின் எண் சின்னது. எனவே சலுகை முழுக்க நம் பையில். 90 என்றால் நிச்சயம் என்றுதான் மனிதமனம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பலவீனத்துக்கு இரங்கி, கணக்கையே வளைத்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சலுகை கொடுத்தும் தோற்றவர் சூதாட்டம் என்று புகார் எழுதுகிறார்.

சூதாட்டத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால் தட்ட வேண்டிய கதவு வேறு. அதே ஃபயர் எம்பளம் பெயரில் 2017 பிப்ரவரியில் கைபேசிக்கு வந்த ஹீரோஸ் என்றொரு ஆட்டம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கக்கூடிய ரத்தினக் குண்டுகளைப் போட்டு வீரர்களை அழைக்க வேண்டும். யார் வருவார் என்பது அதிர்ஷ்டம். பெல்ஜியத்தின் சூதாட்டச் சட்டங்களை முன்னிட்டு 2019 ஆகஸ்டில் நின்டெண்டோ அந்த நாட்டில் அதை நிறுத்திக்கொண்டது. இது நிஜமான குற்றச்சாட்டு, ஆதாரமும் உண்டு. ஆறு பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி ஆண்டுக்கணக்கில் ஆடும் ஆட்டத்தைச் சூது என்கிறவர், ஒவ்வொரு சுற்றுக்கும் காசு பறிப்பதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பாத்திரங்களின் சாவைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, மறுக்கவில்லை. யாராவது செத்தால் எல்லாரும் கருவியை அணைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள், அப்புறம் என்ன, செத்தவர் திரும்பவே மாட்டார் என்கிற நிரந்தரச் சாவு என்று கேட்கிறார். கேள்வி கேட்டவர் பதிலை அதிலேயே சொல்லிவிட்டார். சதுரங்கத்தில் ஒரு சிப்பாய் போனதற்காக யாராவது பலகையைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆடுகிறார்களா? முக்கால் மணி நேர உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு ஒருவன் அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போகிறான் என்றால், அந்தக் குதிரைக்காரனோ வில்லாளியோ அவனுக்கு வெறும் காய் இல்லை. அவனுக்கென்று முகம், பேச்சு, பக்கத்துக் கட்டத்தில் நின்று நின்று வளர்ந்த நட்பு எல்லாம் இருக்கின்றன. கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்களில் ஒரு பாத்திரத்துக்கு ஐந்து நட்பு உரையாடல்கள்தான் என்ற வரம்பும் உண்டு. யாரோடு பேசவைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். செத்தவன் அந்தப் பேச்சையும், அதனால் தோழனுக்குக் கிடைத்துவந்த பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறான்.

அதோடு, அணைத்துப் போட்டால் தப்பிவிடலாம் என்பதும் அவர் ஆடிப் பார்க்காததன் அடையாளம். கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்கள் ஒவ்வொரு நகர்வையும் தாமாகவே பதிந்துகொண்டே போகும். எதிரி முறையின் நடுவில் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே நிற்பீர்கள். எண்களின் வரிசையும் அப்படியே பதிந்திருப்பதால் அதே அடி அதே ஆள்மேல் மறுபடி விழும். (இதையும் குடைந்து பார்த்த ஆட்கள் உண்டு. நகரும் பாதையைக் காட்டும் அம்பைக் கோணல்மாணலாக இழுத்தால் அந்த எண்கள் செலவாகும் என்று கண்டுபிடித்து, தமக்குச் சாதகமான எண் வரும்வரை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்.) சாவைத் திருத்த வேண்டுமானால் அத்தியாயம் முழுவதையும் மறுபடி ஆட வேண்டும். அதுதான் அங்கே தண்டம்.

2010இல் டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த ஒரு ஃபயர் எம்பளம் ஆட்டத்தில், விழுந்த வீரர்கள் அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வரும் கேஷுவல் முறையைச் சேர்த்தார்கள். இதைக் காட்டி, பாசாங்கு அம்பலமாகிவிட்டது என்கிறார். அது கட்டாயமில்லை, தொடக்கத்தில் நாமே தேர்ந்தெடுப்பது என்பதை வசதியாக மறைத்துவிட்டார். அதே தேர்வோடு 2012இல் 3டிஎஸ் கருவிக்கு ஃபயர் எம்பளம் அவேக்கனிங் வந்தபோது நிலைமை இதுதான்: இரண்டரை லட்சம் பிரதிகள்கூட விற்காவிட்டால் இந்த வரிசையே முடிவுக்கு வரும் என்று தங்களிடம் சொல்லப்பட்டிருந்ததாக அதன் தயாரிப்பாளர்களே பின்னர் பேட்டியில் சொன்னார்கள். விற்றது பத்து லட்சத்தைத் தாண்டியது. 2019இல் ஸ்விட்சுக்கு வந்த த்ரீ ஹவுசஸ் முப்பது லட்சத்தையும் தாண்டியது. செத்துவிட்டது என்று இவர் எழுதியது இந்த வகையைத்தான்.

அவர் உண்மையிலேயே கை வைத்திருக்க வேண்டிய இடம் நேரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதி. 2010இல் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு மறுபடி செய்யப்பட்ட டாக்டிக்ஸ் ஓகரில் ஐம்பது முறைகள் வரை பின்னால் போகலாம். ஃபயர் எம்பளத்துக்கு 2017இல் அது வந்தது. அதன் பிறகு வந்த பெரிய ஆட்டங்களிலும் விடாமல் தொடர்கிறது. கேஷுவல் முறையை வேண்டாம் என்று ஒதுக்கலாம். இதுவோ எல்லாருடைய கையிலும் திணிக்கப்படுகிறது. தவறான ஒரு நகர்வுக்கு முக்கால் மணி நேரம் கொடுக்க வேண்டியிருந்த இடத்தில் இப்போது ஒரு பொத்தான். என் கணக்கில் இந்த வகைக்கு நேர்ந்த பெரிய சேதம் இதுதான். இதை வைத்து ஒரு நல்ல தாக்குதல் எழுதியிருக்கலாம், நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அதற்கு அண்மைக்கால ஆட்டம் ஒன்றையாவது திறந்து பார்த்திருக்க வேண்டுமே!

மிச்சமிருப்பது டிராகன் கேள்வி. வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

டாக்டிக்ஸ் ஓகரில் முதல் அத்தியாயத்தின் முடிவு வரை ஆடியவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். வலேரியா என்ற தீவுக்கூட்டத்தில் மன்னன் இறந்த பிறகு மூன்று இனங்கள் அதிகாரத்துக்கு மோதுகின்றன. நாம் ஆடும் டெனம், ஒடுக்கப்பட்ட சிறுபான்மையான வாலிஸ்டர் இனத்து இளைஞன். பால்மமூசா என்ற ஊரில் அடைபட்டிருக்கும் தன் சொந்த மக்களைக் கிளர்ச்சிக்குத் திரட்ட அவனை அனுப்புகிறார்கள். அவர்கள் போரில் களைத்தவர்கள், வர மறுக்கிறார்கள். அப்போது அவன் தலைமையிடமிருந்தே கட்டளை வருகிறது: இவர்கள் எல்லாரையும் கொன்றுவிடு, பழியை எதிரிமேல் போடு, அந்தக் கோபத்தில் மற்றவர்கள் எழுவார்கள். திரையில் இரண்டு பதில்கள். சம்மதிக்கலாம், மறுக்கலாம்.

மறுத்துவிட்டால் நல்லவனாகத் தப்பிவிடலாம் என்று நினைப்பவருக்குத்தான் அடுத்த அடி. மறுத்தாலும் படுகொலை நடக்கும். உங்கள் உயிர்த்தோழன் வைஸ் அந்தப் பக்கம் போய் நிற்பான், கொன்ற பழி உங்கள் தலையில் விழும். சம்மதித்தால் அதே வைஸ் உங்களை வெறுத்து எதிராகத் திரும்புவான். இரண்டு வழியிலும் ஊர் அழியும். எந்தப் பாதகத்தோடு மிச்ச ஆட்டத்தை ஆடப்போகிறோம் என்பது மட்டுமே நம் கையில். விடுதலையின் பெயரால் சொந்த மக்களைப் பலிகொடுக்கும் தலைமையைப் பற்றி 1995இல் ஒரு ஆட்டம் இப்படிப் பேசியது. அதில் டிராகனும் வரும், ஆமாம்.

மட்சுனோ அடுத்துச் செய்தது 1997இன் ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ். 2007இல் அது பிஎஸ்பிக்கு வந்தது. அதில் நாம் முதலில் வேட்டையாடும் கொள்ளைக்காரர்கள் யார்? ஐம்பதாண்டுப் போரில் நாட்டுக்காக உயிரைக் கொடுத்துப் போராடி, போர் முடிந்ததும் கூலி கொடுக்கப்படாமல் விரட்டப்பட்ட படைவீரர்கள். பிரபு வீட்டுப் பிள்ளை ராம்சா, அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த எளிய குடிப்பிள்ளை டெலிட்டா. டெலிட்டாவின் தங்கை பணயமாகப் பிடிபட்டு நிற்கும்போது, அவள் பிரபு வீட்டுப் பெண் இல்லை என்பதால் ராம்சாவின் அண்ணனே அம்பெய்யச் சொல்கிறார். அம்பு அவள்மேல் பாய்கிறது. பிறப்பு ஒருவரின் உயிருக்கு விலை நிர்ணயிக்கும் அந்தக் காட்சி சிறுபிள்ளைத்தனம் என்றால், கட்டுரையாளர் எந்த ஊரில் வளர்ந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அந்த ஆட்டம் 28 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 30 அன்று புதுப்பிக்கப்பட்டு வெளியாகியிருக்கிறது, ஸ்விட்சிலும் கிடைக்கிறது. இன்றும் முறைவைத்துத்தான் ஆடுகிறார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையாளர் மறுப்பு எழுத விரும்பினால் தாராளமாகப் பக்கம் கொடுங்கள். ஆனால் அதற்கு முன், ஜப்பானுக்கு வெளியே 2003இல் முதன்முதலாக வந்த ஃபயர் எம்பளத்தை அவர் கையில் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். அதில் வரும் லின்னின் கதை புதியவர்களுக்காக, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் பகுதி. அங்கேயே நின்றுவிட்டால் கணக்கில் சேராது. எலிவுட்டின் கதையைக் கடைசி வரை, ஒரு ஆளையும் இழக்காமல் முடித்துவிட்டு வரட்டும். பகடையால்தான் முடித்தேன் என்று அப்போதும் அவர் எழுதினால், என் பதிலை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.